படியேறும் பாலத்தைப் படம் எடுப்பதும் திருத்துவதும்: தருமபுரி நடைமேம்பாலங்களை வைத்து ஒரு முழு வழிகாட்டி

படிகளுக்கு ஒரு குணம் உண்டு. படத்தில் எந்த மூலையில் இருந்தாலும் பார்ப்பவரின் கண்ணைப் பிடித்து மேலே ஏற்றிவிடும். வண்ணம் மங்கியிருக்கலாம், ஃபோகஸ் லேசாகப் பிசகியிருக்கலாம், ஆனாலும் கண் ஏறியே தீரும். சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. நான் பார்க்கிற நடைமேம்பாலப் படங்களில் பாதிக்கு மேல், படிகள் முடிகிற இடத்தில் வெளுத்துப்போன வானத்தைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. ஏறி வந்த கண் அந்த வெள்ளை வழியாகப் படத்தை விட்டே வெளியேறிவிடுகிறது.

ஆகவே எங்கே நிற்பது, எப்போது எடுப்பது, கணினியிலோ கைப்பேசியிலோ எதைத் திருத்துவது என்ற எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்து முடிவு செய்யச் சொல்கிறேன்: மேல்படியில் என்ன இருக்கிறது?

எந்தப் பாலம்

தருமபுரிப் பக்கம் இருப்பவர்களுக்கு எளிதில் கிடைப்பது ரயில் நிலைய நடைமேம்பாலம். தருமபுரி நிலையம் ஓமலூரிலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூரு போகும் பாதையில் இருக்கிறது. இன்னொரு நிலையமான மொரப்பூர், சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையிலான பாதையில் இருக்கிறது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்று ரயில் நிலையமே கிடையாது. அங்கிருப்பவர்கள் ஓசூருக்கோ தருமபுரிக்கோ வரவேண்டும், அல்லது சாலைக்கு மேலே போகும் நடைமேம்பாலத்தைத் தேடிக்கொள்ள வேண்டும். மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே 1906-இல் குறுகிய ரயில் பாதை ஒன்று போடப்பட்டு 1941-இல் மூடப்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சற்று எரிச்சல் வரும். அந்தப் பாதை இருந்திருந்தால் ஒரே காலைப்பொழுதில் ரயிலிலேயே போய் இரண்டு பாலங்களையும் படம் எடுத்துவிடலாம்.

நிலையத்துக்குள் செல்ல நடைமேடைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேமராவை எடுக்கும் முன் நிலைய மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. திருமண ஜோடியை நிற்கவைத்து எடுப்பது, விளம்பரத்துக்கு எடுப்பது போன்ற வணிக வேலை என்றால் ரயில்வேயின் முன் அனுமதி கட்டாயம். தருமபுரியும் ஓசூரும் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தைச் சேர்ந்தவை. மொரப்பூர் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தைச் சேர்ந்தது. விண்ணப்பம் தவறான கோட்டத்துக்குப் போனால் நாட்கள் வீணாகும்.

இரண்டு விஷயங்களில் எந்தச் சமரசமும் வேண்டாம். கோணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைவது குற்றம், உயிருக்கு ஆபத்து என்பதைச் சொல்லவே தேவையில்லை. அடுத்து, பாலத்துக்குக் கீழே ஓடும் மின்கம்பியில் 25,000 வோல்ட் பாய்கிறது. செல்ஃபிக் குச்சியையோ முக்காலியின் கம்பியையோ பாலத்துக்கு வெளியே நீட்டக் கூடாது. அந்த மின்சாரம் தாக்குவதற்குக் கம்பியைத் தொடவேண்டும் என்பதுகூட இல்லை, அருகில் போனாலே போதும்.

முதலில் வெறுங்கையுடன் ஏறி இறங்குங்கள்

கைப்பேசியைப் பையிலேயே வைத்துவிட்டு ஒருமுறை ஏறி மறுபக்கம் இறங்குங்கள். கீழிருந்து பார்க்கும்போது படிகள் முடியும் இடத்துக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். கூரையின் அடிப்பகுதி, தூணில் தொங்கும் பெயர்ப்பலகை, தொலைவில் மலை, வேப்பமரக் கிளை என்று எதுவாகவும் இருக்கலாம். இரண்டு அடி இடம் மாறினால் வானம் மறைந்து மரம் அங்கே வந்து உட்காரும். இந்த இரண்டு அடியைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

படிகளின் நடுவே கால் ஆற்றிக்கொள்வதற்கான சமதளம் இருக்கும். அதை இடைத்தளம் என்று வைத்துக்கொள்வோம். மேல்படியில் உருப்படியாக எதுவும் இல்லாவிட்டால் இடைத்தளத்தையே படத்தின் முடிவாக ஆக்கிவிடலாம். அதற்கு மேலே உள்ள எதையும் சட்டகத்துக்குள் சேர்க்காதீர்கள். அங்கே ஒரு மனிதர் நின்றால் போதும், பாலம் முழுவதும் தெரியவில்லையே என்று பார்ப்பவர் யாரும் குறைப்படமாட்டார்.

நிற்கும் இடங்கள்

கீழே, படிகளுக்கு நேர் நடுவில் நிற்பது எல்லோரும் முதலில் செய்வது. இரு பக்கக் கைப்பிடிகளும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து மேலே போகும். இப்படி எடுப்பதானால் நடு என்பது துல்லியமாக நடுவாகவே இருக்கவேண்டும். கட்டக்கோடுகளைத் திரையில் போட்டுக்கொண்டு, இரண்டு கைப்பிடிகளும் சட்டகத்தின் ஓரங்களை ஒரே உயரத்தில் தொடுகின்றனவா என்று பாருங்கள். ஒரு சாண் விலகினாலும் அது விலகலாகத் தெரியாது, கவனக்குறைவாகத்தான் தெரியும். விலகவேண்டும் என்று தோன்றினால் முழுவதுமாக விலகி, ஒரு கைப்பிடியை ஒட்டியே நின்றுவிடுங்கள். அப்போது அந்தக் கம்பி படத்தின் மூலையிலிருந்து கிளம்பிக் கண்ணை நேராக மேலே இழுத்துச் செல்லும்.

கீழிருந்து எடுக்கும்போது கைப்பேசியை அண்ணாந்து பிடிப்பதால் தூண்கள் உள்ளே சாயும். பின்னால் தள்ளிப்போய், கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்து, பிறகு கீழே மிஞ்சும் தரையை வெட்டிவிடலாம். இடம் இல்லாவிட்டால் சாய்வோடு எடுங்கள், திருத்தும்போது பார்த்துக்கொள்ளலாம்.

எதிர் நடைமேடையிலிருந்து பக்கவாட்டில் எடுப்பது இரண்டாவது வழி. பெரும்பாலான நிலையங்களில் படிகள் நடைமேடைக்கு இணையாக இறங்கும், பாலம் தண்டவாளத்துக்குக் குறுக்கே போகும். எனவே எதிர்ப்பக்கத்தில் நின்றால் படிவரிசை முழுவதும் ஒரு சாய்கோடாகத் தெரியும். இடக்கீழ் மூலையிலிருந்து வலமேல் மூலைக்குப் போகும் சாய்வை நம் கண் ஏற்றமாகவும், எதிர்த்திசையில் உள்ளதை இறக்கமாகவும் படிக்கிறது. வேலைக்குப் போகும் காலைக் கூட்டத்துக்கு முதலாவது பொருந்தும், வண்டியிலிருந்து இறங்கிவரும் மாலைக் கூட்டத்துக்கு இரண்டாவது. ஏற்றம் வேண்டும் என்பதற்காகப் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிடாதீர்கள். பெயர்ப்பலகை எழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது வழியைத்தான் நான் அதிகம் பரிந்துரைப்பேன்: மேலே நின்று கீழ்நோக்கி எடுப்பது. அப்போது உங்களுக்கு அருகிலுள்ள படிகள் சட்டகத்தின் அடியிலும், கடைசிப் படியும் நடைமேடையும் சட்டகத்தின் உச்சியிலும் வரும். வானம் அறவே கிடையாது. கண் ஏறிப்போய்ச் சேரும் இடத்தில் தேநீர்க்கடையோ, மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும் பயணியோ, மின்னும் தண்டவாளமோ இருக்கும். ஒரே ஒரு தொல்லை, மேலிருந்து பார்த்தால் கால் வைக்கும் பரப்பு மட்டுமே தெரியும் என்பதால் வெளிச்சம் சரியில்லாவிட்டால் படிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சரிவுப்பாதை போல ஆகிவிடும். அதற்கு மருந்து அடுத்த பகுதியில் இருக்கிறது.

அகலக் கோண லென்ஸை எடுத்தவுடன் தொடாதீர்கள். பாலம் முழுவதையும் உள்ளே கொண்டுவரும் ஆசையில் அது ஓரங்களை இழுத்து, மேல்படியைக் கடுகாகச் சுருக்கிவிடும். மேல்படி முக்கியம் என்றால் தள்ளிப்போய் இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு லென்ஸில் எடுங்கள். படிகள் அடுக்கி வைத்த பலகைகளைப் போல நெருங்கி வரும், மேலே இருப்பவரும் கைக்கெட்டும் தூரத்தில் தெரிவார்.

வெளிச்சம்

படி என்பது இரண்டு பரப்புகள்: கால் வைக்கும் படுக்கைப் பரப்பு, நிமிர்ந்து நிற்கும் முகப்பு. இவற்றுள் ஒன்று வெளிச்சத்திலும் மற்றது நிழலிலும் இருந்தால்தான் படி படியாகத் தெரியும். இரண்டும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருந்தால், எவ்வளவு நல்ல கேமராவாக இருந்தாலும் அது சாம்பல் நிறச் சரிவுதான்.

உச்சிவெயில் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். கூரையில்லாத படிகளுக்கு இது முழு உண்மை அல்ல. தருமபுரியில் ஏப்ரல் 20-ஐ ஒட்டியும், மறுபடி ஆகஸ்ட் 20-ஐ ஒட்டியும் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. நண்பகல் என்பது ஏறத்தாழ 12.15 அல்லது 12.20 மணி. அந்த வேளையில் படுக்கைப் பரப்புகள் பளிச்சென்றும் முகப்புகள் இருண்டும் இருக்கும். கீழே நின்று பார்த்தால் கறுப்பு வெள்ளைக் கோடுகள் வரிசையாக ஏறும். கோடையில் இதை எடுத்துப் பாருங்கள், தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு. அதே நேரத்தில் மேலிருந்து எடுத்தால் படம் தேறாது, ஏனென்றால் அங்கிருந்து தெரிவது பளிச்சிடும் பரப்புகள் மட்டுமே.

மேலிருந்து எடுக்கக் காலையோ மாலையோதான் சரி. ஓமலூர் ஓசூர் பாதை பொதுவாகத் தெற்கிலிருந்து வடக்காகப் போவதால், நடைமேடைக்கு இணையாக இறங்கும் படிகளுக்குக் காலை வெயில் பக்கவாட்டிலிருந்து வரும். கைப்பிடிக் கம்பிகளின் நிழல் படிகளின் மேல் விழுந்து, ஒவ்வொரு படியிலும் மடிந்து மடிந்து இறங்கும். ஒட்டிப்போன படிகளைப் பிரித்துக் காட்டுவது இந்த மடிந்த நிழல்தான். உங்கள் நிலையத்தில் படிகள் எந்தத் திசையில் இறங்குகின்றன என்பதைக் கைப்பேசியின் திசைகாட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். சூரியன் உதிப்பது ஜனவரியில் 6.40 மணியளவில், ஜூன் தொடக்கத்தில் 5.55 மணியளவில். உதித்து அரை மணி கழிந்து ஒன்றரை மணி வரை நிழல் நீளமாக இருக்கும்.

மார்கழி, தை மாதங்களில் இந்தப் பக்கம் காலைப் பனிமூட்டம் இறங்கும். நடைமேம்பாலம் எடுக்க அதைவிட நல்ல பொழுது இல்லை. பின்னணியில் இருக்கும் கம்பிகள், கட்டடங்கள், விளம்பரப் பலகைகள் எல்லாம் மறைந்து பாலம் மட்டும் நிற்கும். மேல்படிக்குப் பின்னால் வெள்ளை இருந்தாலும் அது வெளுத்த வானமாக இருக்காது, பனியாக இருக்கும், கண் அதற்குள் போய் நின்றுவிடும். கேமரா பனியைச் சாம்பலாக்கப் பார்க்கும் என்பதால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் ஒளியின் அளவை, அரைப்புள்ளி (+0.5) கூட்டிக்கொள்ளுங்கள்.

மனிதர்

மேல்படியில் வைக்க மனிதரைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. காத்திருங்கள். வண்டி வந்து நின்ற ஐந்து நிமிடத்தில் கூட்டம் முழுவதும் பாலத்தில் இருக்கும், அதை விட்டுவிடுங்கள். கூட்டம் வடிந்த பிறகு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறும் பெரியவரோ பூக்கூடையோடு வரும் பெண்மணியோ கடைசியாக வருவார்கள். உங்கள் படம் அவர்களிடம்தான் இருக்கிறது.

முகம் தெரியும்படி எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். "அம்மா, நீங்கள் ஏறிப்போவதை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பள்ளிப் பிள்ளைகளை முகம் தெரிய எடுப்பதை நான் தவிர்த்துவிடச் சொல்வேன். முதுகுப்புறமோ வெளிச்சத்துக்கு எதிரான நிழலுருவமோ இந்த வேலைக்குப் போதும். நிழலுருவமாக எடுக்கும்போது இரண்டு கால்களும் பிரிந்திருக்கும் நொடியில் அழுத்துங்கள். சேர்ந்திருந்தால் ஆள் நட்டுவைத்த கம்பம் போலாகிவிடுவார்.

கேமரா அமைப்புகள்

திரையில் மேல்படிப் பகுதியைத் தொட்டு ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டுங்கள். பிறகு எக்ஸ்போஷரை அரை முதல் முக்கால் புள்ளி குறையுங்கள். கீழ்ப்படிகள் இருண்டால் கவலையில்லை, இருட்டிலிருந்து விவரத்தைப் பிறகு மீட்டுவிடலாம். வெளுத்துப்போன மேல்பகுதியை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் ரா கோப்பாகச் சேமிக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள்.

ஷட்டர் வேகம், அதாவது ஒளியை உள்ளே விடும் நேரம்: நடப்பவரைத் தெளிவாக நிறுத்த 1/250 நொடி. கூட்டத்தை இழுபட்ட கோடுகளாகக் காட்ட 1/8 நொடி, கைப்பேசியைக் கைப்பிடிச் சுவரில் அழுத்திவைத்துக்கொண்டு. இரவில் குழல்விளக்கு, எல்இடி வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே பட்டைகள் விழுந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடிக்கு மாற்றுங்கள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால் விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. இந்த இரண்டு வேகங்களிலும் துடிப்புகள் முழுமையாக அடங்கிவிடும்.

ஒகேனக்கல் தொங்கு பாலம்

ஒகேனக்கல்லில் கணக்கு வேறு. தொங்கு பாலம் மக்கள் நடக்கும்போது அசையும் என்பதால் அதன் மேல் முக்காலி வைத்து மெதுவான ஷட்டரில் அருவியைப் பாலாக வழியவிடும் எண்ணத்தைக் கைவிடுங்கள். பாலத்தின் மேல் 1/250-க்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். மெதுவான ஷட்டர் வேண்டும் என்றால் கரையில் உறுதியான பாறையில் நின்று எடுங்கள். சாரல் லென்ஸில் படியும், மென்துணி கையில் இருக்கட்டும். குரங்குகளுக்குப் பையைத் திறந்து காட்டாதீர்கள். காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசல் ஓட்டவும் குளிக்கவும் தடை போடுவார்கள், பாலத்துக்கும் அனுமதி இருக்காது. காவிரி நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் நொடிக்கு எத்தனை கன அடி வருகிறது என்று காலை நாளிதழில் பார்த்துவிட்டுப் பென்னாகரம் பஸ் ஏறுவது புத்திசாலித்தனம்.

திருத்தம்: முதலில் கோடு

திருத்தும் செயலி ஸ்நாப்சீட், லைட்ரூம், கணினியில் கிம்ப் எதுவானாலும் சரி. மூலப்படத்தின் நகலில் வேலை செய்யுங்கள்.

வண்ணத்துக்குப் போகும் முன் கோடுகளைச் சரிசெய்ய வேண்டும். பாலத்தில் கிடைக்கோடு, செங்குத்துக் கோடு, படிகளின் சாய்கோடு மூன்றும் உண்டு. மூன்றையும் ஒருசேர நேராக்க முடியாது. பக்கவாட்டுப் படத்தில் பாலத்தின் தளத்தைக் கிடையாக்குங்கள். நேர் நடுவில் நின்று எடுத்ததில் தூண்களை நிமிர்த்துங்கள். கண்டிப்பாகச் செய்யக் கூடாதது, படியின் சாய்வை வைத்துப் படத்தைத் திருப்புவது.

தூண்களை நிமிர்த்தும் கருவியைப் பாதியளவே பயன்படுத்தச் சொல்வேன். அது படத்தின் மேல்பகுதியை அகலமாக இழுக்கிறது. முழுவதும் நிமிர்த்தினால் மேல்படிக்கும் கீழ்ப்படிக்கும் உள்ள அகல வேறுபாடு குறைந்து, ஏறுகிறோம் என்ற உணர்வு மங்கிப்போகும். சற்று உள்ளே சாய்ந்த தூண் உயரத்தைச் சொல்கிறது, அதைக் கட்டடப் பொறியாளரின் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை.

வெட்டும்போது மேலிருந்து தொடங்குங்கள். கண் எங்கே நிற்கவேண்டுமோ அதற்கு மேல் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்து மிச்சத்தை எடுத்துவிடுங்கள். அடிப்பக்கம் முழுப்படியிலிருந்து தொடங்கட்டும். நூலளவு மட்டும் எட்டிப்பார்க்கும் அரைப்படி கண்ணை உறுத்தும். ஏறும் படிகளுக்கு 4:5 நெட்டுவாக்கு பொருந்தும், பக்கவாட்டுப் பாலத்துக்கு 3:2 அல்லது 16:9.

ஒளியும் நிழலும்

இங்கேதான் பலர் கெடுக்கிறார்கள். நிழலை மொத்தமாகத் தூக்கிவிடும் பட்டையை வலக்கோடி வரை இழுத்தால் முகப்பும் படுக்கைப் பரப்பும் ஒன்றாகி, வெயிலில் நின்று சம்பாதித்த கோடுகள் எல்லாம் போய்விடும். லைட்ரூமில் எடுத்துக்காட்டாக இப்படித் தொடங்கலாம்: ஹைலைட்ஸ் (பளிச்சென்ற பகுதி) -50, ஷேடோஸ் (நிழல்) +15, பிளாக்ஸ் (அடர்கறுப்பு) -10. அதன்பிறகு படியின் முகப்பு இன்னும் இருட்டாகத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்து, பகுதி பகுதியாக வேலை. நம் கேள்விக்கு விடை இங்கே கிடைக்கும். மேல்படியில் இருக்கும் மனிதரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அங்கே மட்டும் வெளிச்சத்தைச் சிறிது கூட்டுங்கள். அடிப்பகுதியில் ஒரு சரிவு முகமூடி (விளைவு படிப்படியாகக் குறையும்படி தேர்ந்தெடுக்கும் கருவி) போட்டு அரைப்புள்ளி இருட்டாக்குங்கள். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குக் கண் தானாக ஏறும். வானம் எஞ்சியிருந்தால் அதையும் மனிதரைவிடச் சற்று மங்கலாக்குங்கள். படத்தில் மிகப் பளிச்சென்ற புள்ளி எதுவோ அங்கேதான் கண் போய் உட்காரும். அது வானமாக இருந்தால் பட்ட பாடெல்லாம் வீண். திரையைக் கை நீளத்துக்குத் தள்ளிவைத்துக் கண்களைச் சுருக்கிப் பாருங்கள், எது முதலில் தெரிகிறது என்பது புலப்படும்.

வண்ணத்தில் அதிகம் செய்ய எதுவுமில்லை. குழல்விளக்கு தரும் பச்சைச் சாயலை நீக்குங்கள். நீல, பச்சைத் தகரக்கூரைக்கு அடியில் எடுத்தால் முகங்களில் அந்த நிறம் ஏறியிருக்கும், அதைச் சரிசெய்யுங்கள். கறுப்பு வெள்ளைக்கு மாற்றுவதானால் நீல நிறத்தின் ஒளிர்வைக் குறைத்தால் வானம் இருளும். வெளிர்நீல வானத்தை மேல்படிக்குப் பின்னால் அடக்கிவைக்க இதுவே எளிய வழி. விவரங்களைத் தூக்கிக்காட்டும் ஸ்ட்ரக்சர், கிளாரிட்டி பட்டைகளை +20-க்கு மேல் கொண்டுபோனால் இரும்புக் கம்பிகளைச் சுற்றி வெள்ளை விளிம்பு கட்டும்.

தண்ணீர் பாட்டிலையும் பிளாஸ்டிக் உறையையும் நீக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மின்கம்பியை நீக்குவதில் உண்டு. அது அந்த இடத்தின் பகுதி, அதோடு கம்பியை அழிக்கும்போது அதற்குப் பின்னால் இருக்கும் கைப்பிடி வளைந்து அசிங்கமாகிறது. செய்திக்கோ போட்டிக்கோ அனுப்பும் படத்தில் எதையும் நீக்காதீர்கள். விதிகளைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

சேமிப்பும் அச்சும்

இணையத்தில் பகிர நீளப்பக்கம் 2048 பிக்சல், ஜேபெக் தரம் 85 முதல் 90, வண்ண வெளி எஸ்ஆர்ஜிபி (பெரும்பாலான திரைகள் பயன்படுத்தும் வண்ண அளவுகோல்). அச்சுக்குக் குறைக்காத கோப்பைக் கொடுங்கள். 4000×3000 பிக்சல் படத்தை 3:2 ஆக வெட்டினால் 4000×2667 கிடைக்கும். 12×8 அங்குல அச்சுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 3600×2400 போதும் என்பதால் தாராளமாக இருக்கும். பளபளப்பில்லாத தாளில் நிழல்கள் திரையில் தெரிவதைவிடச் சற்று இருண்டு விழும். ஸ்டுடியோவுக்குக் கொடுக்கும் நகலில் கீழ்ப்படிகளின் வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் உயர்த்தி, முதலில் 6×4 அளவில் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டுப் பெரிய அளவுக்குச் சொல்லுங்கள்.